ஏழு முளைகளும் ஒரு வீட்டுக்காரரும்

"ஏழா?"

"ஏழுதான்."

"நல்லா எண்ணினியா?"

"ஏழு வரைக்கும் எண்ணத் தெரியாதவளையா அக்கா ஆறு வருஷமா கூட வெச்சுக்கிட்டு வேலை வாங்கறீங்க? நீங்களே வந்து பாருங்க. பள்ளிக்கூடத்துல முதல் நாள் உக்காந்த மாதிரி வரிசையா உக்காந்திருக்கு."

மேஸ்திரி சாக்கைக் கீழே போட்டுவிட்டு மணலில் மண்டியிட்டாள். உண்மைதான். அலை வந்து தொட்டுப் போகும் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, காய்ந்த பாசிக்கு நடுவில் ஏழு முளைகள். ஒவ்வொன்றிலும் இரண்டே இரண்டு இலை. எண்ணெய் தடவித் துடைத்த மாதிரி அத்தனை பளபளப்பு. உலகத்தில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத முகத்தோடு அவை வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"போச்சு" என்றாள் மேஸ்திரி.

"எண்பத்தோரு நாள் அக்கா! இன்னும் ஒம்பதே நாள். இதுங்களுக்கு ஒம்பது நாள் பொறுக்கக் கூடாதா? எங்க சித்தி மகனும் இப்படித்தான். சரியா சோறு போடற நேரத்துக்கு…"

"ரேடியோ, கொஞ்சம் நிறுத்து."

ரேடியோ நிறுத்தினாள். ஆனால் நிறுத்தியதிலேயே ஒரு இரைச்சல் இருந்தது. அந்தப் பெயரை அவளுக்கு வைத்தவள் மேஸ்திரிதான். மேஸ்திரிக்கு 'மேஸ்திரி' என்று பெயர் வைத்தவர்கள் குழுவிலிருந்த மற்ற நான்கு பெண்களும். கடற்கரைப் பராமரிப்பு அலுவலகத்தின் தாள்களில் அவர்களுக்கு 'அகற்றும் குழு' என்று பெயர். வேலையும் அதுதான். கத்திரி, கடப்பாரை, சாக்கு மூன்றையும் தூக்கிக்கொண்டு காலையில் வந்தால், கரையில் இருக்கும் பாதிப்பூச் செடியை வேரோடு எடுப்பது.

பாதிப்பூ என்பது அவர்களாக வைத்த பெயர். அந்தப் பூவைப் பார்த்தால் வேறு பெயர் வைக்கத் தோன்றாது. யாரோ நடுவில் கிழித்துப் பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டதுபோல ஐந்து வெள்ளை இதழும் ஒரே பக்கம் விரிந்திருக்கும். இடுப்பளவுப் புதர், சதைப்பற்றான இலை, சுண்டுவிரல் நுனி அளவில் வெள்ளைப் பழம். அழகில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த அழகுக்காகத்தான் எப்போதோ ஒரு புண்ணியவான் பெருங்கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து தன் விடுதி வாசலில் வேலியாக வைத்தார். அந்தப் பக்கத்தில் அது ஊர்ப்பிள்ளை. மணலைப் பிடித்து நிறுத்தும், அலையிடமிருந்து வீடுகளைக் காக்கும். இந்தப் பக்கத்தில் அது விருந்தாளியாக வந்து கூடத்தில் பாயை விரித்துக்கொண்டது. இங்கே மணலில் காலம் காலமாகப் படர்ந்த சின்னக் கொடியை மூடிச் சாகடித்தது. வெறும் மணலில் முட்டையிடும் பறவைகளுக்கு இடம் இல்லாமல் செய்தது. செடியின்மேல் தப்பில்லை, வந்து சேர்ந்த இடம்தான் தப்பு என்று மேஸ்திரி அடிக்கடி சொல்வாள். சொல்லிக்கொண்டே பிடுங்குவாள்.

ஆறு வருடமாகப் பிடுங்குகிறாள். தாய்ச்செடி ஒன்றுகூட இந்தக் கரையில் மிச்சமில்லை. ஆனாலும் எங்கிருந்தோ முளைகள் வந்துகொண்டே இருந்தன.

இனி விதியைச் சொல்லிவிட வேண்டும். தொண்ணூறு நாள் தொடர்ந்து ஒரு புது முளையும் இல்லையென்றால் அந்தக் கரை சுத்தமானது. அதன்பிறகு இந்த மண்ணின் கொடியைத் திரும்ப நடலாம். நடுகிறவர்கள் அதே குழுதான். அலுவலகத்தின் பின்கட்டில் நானூறு தொட்டிகளில் அந்தக் கொடி தயாராகப் படர்ந்து காத்திருந்தது. நடுவில் ஒரு முளை வந்தாலும் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். மழைக்கு இன்னும் நான்கு வாரம். அதற்குள் நடாவிட்டால் நானூறு தொட்டியும் வேறொரு கரைக்கு, வேறொரு குழுவுக்குப் போய்விடும்.

மேஸ்திரிக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் கிடையாது. மாடி வீடு வேண்டாம், வெளிநாடு வேண்டாம். "ஆறு வருஷமா பிடுங்கிப் பிடுங்கியே கை காய்ச்சுப்போச்சு. ஒரே ஒரு தடவை நடணும்" என்பாள். அவ்வளவுதான். அந்தத் தொட்டிகளைக் கடந்து போகும்போதெல்லாம் தன் தண்ணீர் பாட்டிலில் இருந்து ஒரு வாயை ஏதாவது ஒன்றுக்கு ஊற்றிவிட்டுப் போவாள், யாரும் பார்க்காதபோது.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா?" ரேடியோ குரலைத் தணித்தாள். அவள் தணித்தால் மற்றவர்கள் சாதாரணமாகப் பேசுகிற அளவுக்கு வரும். "யாரும் பாக்கல. ஏழையும் பிடுங்கி சாக்குல போட்டுட்டு ஊருக்கு ராஜா மாதிரி நடந்து போயிடலாம்."

மேஸ்திரி அந்த ஏழையும் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து நோட்டை எடுத்தாள். "ஏழு" என்று எழுதினாள். எழுதும்போது பென்சில் முனை ஒடிந்துவிட்டது.

"நீங்க திருந்தவே மாட்டீங்க" என்றாள் ரேடியோ.

மேஸ்திரி பாசிக்குள் விரலைவிட்டு எதையோ எடுத்தாள். இன்னும் முளைக்காத ஒரு கொட்டை. பழத்தின் தோல் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது, மறுபக்கம் சுத்தமாக வழித்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதுவும் அப்படியே. பறவை தின்றால் இப்படி ஆகாது. தானாக அழுகினாலும் ஆகாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பிதுக்கினால்தான் இப்படி ஆகும்.

"யாரோ பிழிஞ்சிருக்காங்க" என்றாள் மெதுவாக.

"இதைப் பிழிஞ்சு என்ன, ஜூஸா போடப் போறாங்க?"

அலுவலகத்தில் அதிகாரி மேடம் அந்தக் கொட்டைகளைத் தன் மூக்குக்கண்ணாடிக்கு அருகில் வைத்துப் பார்த்தார். இளம் வயது. கையில் எப்போதும் ஒரு நீரோட்ட வரைபடம் சுருட்டி இருக்கும். அதை மேசையில் விரித்து, நான்கு மூலைக்கும் பேனா, ஸ்டேப்ளர், தேநீர்க் கோப்பை, தன் கைபேசி என்று வைத்து அமுக்கினார்.

"இது ரொம்ப தூரத்துலேர்ந்து வரல மேஸ்திரி. தோல் இன்னும் இருக்கு பாருங்க. துறைமுகத்துப் பக்கம் எங்கேயோ ஒரு தாய்ச்செடி இருக்கு. மூணு மாசமா எதிர்ப்பக்கம் போயிட்டிருந்த நீரோட்டம் இப்பத் திரும்பிடுச்சு, அங்கேருந்து நேரா நம்ம கரைக்குத்தான். நாளைக்குப் படகுல போய்ப் பாத்துடலாம்." பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "உங்க வீட்டுக்காரர் துறைமுகத்துலதானே? அவங்க படகுல ஏறிக்கலாமே!"

மேஸ்திரியின் வீட்டுக்காரர் முக்குளிப்பவர். கப்பல்களுக்கு அடியில் இறங்கி, ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டுவது வேலை. அவரும் அந்தப் பெருங்கடலுக்கு அந்தப் பக்கத்துக்காரர்தான், செடி வந்த அதே கரை. "ரெண்டுல ஒண்ணைத்தான் பிடுங்கறீங்க, இன்னொண்ணை வீட்டுலயே வெச்சிருக்கீங்க" என்று ரேடியோ மாதம் ஒருமுறையாவது சொல்லிச் சிரிப்பாள். கல்யாணமாகி ஏழு வருடத்தில் மேஸ்திரி அவருடைய படகில் ஏறியதில்லை. கட்டிப்போட்ட படகைப் பார்த்தாலே அவளுக்கு வயிற்றைப் புரட்டும்.

அன்று மாலை சமையலறையில் அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் ஏழு முளைகளைப் பற்றிச் சொன்னாள்.

"அடப்பாவமே! எண்பத்தொண்ணு ஆயிடுச்சுல்ல?" நாளை அவர் சரியாக நினைவு வைத்திருந்தார். "கடல் பெருசும்மா. எங்கேருந்து வேணா வரும்."

"துறைமுகத்துப் பக்கம் தாய்ச்செடி இருக்குன்னு மேடம் சொல்றாங்க. நாளைக்கு உங்க படகுல வரோம்."

கத்தி ஒரு வினாடி நின்றது. "நீயா? படகுலயா? வாந்தி எடுப்பியே."

"எடுத்தா எடுக்கறேன். கடல்லதானே?"

"அது சரி" என்றவர், இன்னும் சாப்பிடாத தட்டுகளைக் கழுவப் போய்விட்டார். பாதிப்பூவைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் தட்டுக் கழுவப் போய்விடுவது வழக்கம். வீட்டு வேலையில் இத்தனை அக்கறையுள்ள மனிதர் யாருக்குக் கிடைப்பார் என்று மேஸ்திரி இத்தனை நாளும் பெருமைப்பட்டிருக்கிறாள்.

மறுநாள் காலை படகு துறைமுகத்தைச் சுற்றி மெதுவாகப் போனது. மேஸ்திரி ஓரக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கோ தூரத்தில் அசையாமல் இருந்த ஒரு விளக்குக் கம்பத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மேடம் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துப் பாறை பாறையாகத் தேடினார். ஒரு சரக்குக் கப்பலின் துருப்பிடித்த வயிற்றுக்குப் பக்கத்தில் படகை நிறுத்தியதும், வீட்டுக்காரர் வேலைக்குத் தயாரானார். காலுறை, எடைப்பட்டை, சுரண்டி. எல்லாம் பழக்கத்தில் நடந்தன. ஏழு வருடம் தன்னோடு ஒரே வீட்டில் இருந்த மனிதருக்கு இப்படி ஒரு கம்பீரம் உண்டென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அரைமனதாக அவள் விளக்குக் கம்பத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள்.

அவர் பையிலிருந்து ஒரு சோப்பு டப்பாவை எடுத்தார். திறந்தார். உள்ளிருந்து இரண்டு வெள்ளைப் பழங்களை எடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பிதுக்கி, சாற்றை முங்கும் கண்ணாடியின் உள்பக்கம் வட்டமாகத் தேய்த்தார். கடல் தண்ணீரில் அலசினார். கையில் மிஞ்சிய இரண்டு கொட்டைகளையும் தோளுக்குப் பின்னால், திரும்பிக்கூடப் பார்க்காமல், கடலில் சுண்டினார்.

பொளக். பொளக்.

இரண்டும் முழுகவில்லை. கொஞ்சம் தயங்கின. பிறகு, வீட்டுக்கு வழி தெரிந்த பசுக்களைப்போல, அவசரமே இல்லாமல் மேஸ்திரியின் கரையைப் பார்த்துத் திரும்பி நடந்தன.

"மேஸ்திரி, அந்தப் பாறை இடுக்குல ஏதாவது பச்சையா தெரியுதா?" என்றார் மேடம், தொலைநோக்கியை எடுக்காமல்.

"பச்சையா ஒண்ணும் தெரியல மேடம். எனக்கு எல்லாம் சிவப்பாத்தான் தெரியுது."

வீட்டுக்காரர் அவளைப் பார்த்துக் கையை அசைத்துவிட்டு, முதுகுப்பக்கமாகக் கடலுக்குள் விழுந்தார்.

கோபம் வந்த நேரத்தில் அதற்குச் சொந்தக்காரர் கடலுக்கு அடியில் இருப்பதைப்போலக் கொடுமை வேறில்லை. நாற்பது நிமிடம். குமிழிகள் மட்டும் மேலே வந்து, வந்து, உடைந்தன. மேஸ்திரி ஒவ்வொரு குமிழியையும் முறைத்தாள். வாந்தி வரவேண்டும் என்பதையே வயிறு மறந்துவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை முங்கு? ஒரு முங்குக்கு இரண்டு பழம். ஆறு வருடம். குனிந்து குனிந்து ஐந்து பெண்களின் இடுப்பு போனதெல்லாம் இவர் கண்ணாடி துடைக்கவா?

அவள் யோசித்தாள். சொல்லாமலே இருந்துவிடலாம். செடியைச் சத்தமில்லாமல் எடுத்துப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் மூலம் தெரியாத ஏழு முளை என்றால் கணக்கு பூஜ்யம்தான், அதில் பேச்சுக்கே இடமில்லை. சொன்னால் குடும்ப மானம் போகும். சொல்லாவிட்டால் நானூறு தொட்டி போகும். தராசில் வைத்துப் பார்த்தாள். வெட்கமாக இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், தொட்டிதான் கனத்தது.

அவர் மேலே வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். "பாத்தியாம்மா? நாப்பது நிமிஷம், கண்ணாடியில ஒரு பொட்டு மூட்டம் இல்ல!"

"கரைக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றாள் மேஸ்திரி.

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. பின்னால் எஞ்சினருகே உட்கார்ந்திருந்த படகோட்டி மூன்று பிள்ளை பெற்றவர், வீட்டுச் சண்டையின் வாசனை தெரிந்தவர். எதுவும் கேட்காமல் வேகத்தைக் கூட்டினார்.

கரையேறியதும் மேடம் அலுவலகத்துக்குக் கிளம்பிவிட, "செடி எங்கே?" என்று மேஸ்திரி அவரைக் கேட்டாள். முக்குளிப்பவர்களின் கொட்டகைக்குப் பின்னால், கிழிந்துபோன ஒரு ரப்பர் படகில் மணலைக் கொட்டி, அதற்குள் அது வளர்ந்திருந்தது. மேஸ்திரி தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் பாதிப்பூச் செடிகளைப் பார்த்திருக்கிறாள். இத்தனை ஆரோக்கியமான ஒன்றைப் பார்த்ததில்லை. ஓரம் கத்தரித்து வட்டமாக விட்டிருந்தார். ஒரு இலையில்கூடப் புள்ளி இல்லை.

"நல்லா வெச்சிருக்கீங்க" என்று வாயில் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எத்தனை வருஷமா?"

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே. ஒரு கப்பல் சுக்கான்ல கொட்டை சிக்கியிருந்துது. எங்க ஊர்ல முங்கறவங்க எல்லாருமே இதைத்தான் தேய்ப்பாங்க. எச்சில் தேய்ச்சா பத்து நிமிஷத்துல மூடிக்கும். இது…"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்ப சொல்றது? நீ தினமும் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி அதைத்தான் திட்டறே. 'நாசமாப் போறவன் எவன் இதைக் கொண்டு வந்தானோ'ன்னு. நான் தட்டைக் கழுவப் போயிடுவேன்."

"அதுக்காகவா இத்தனை நாளா தட்டு கழுவினீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "இது கரையில இல்லையே, கொட்டகையிலதானே இருக்குன்னு நினைச்சேன். கொட்டையைக் கடல்ல போட்டா போச்சுன்னு நினைச்சேன். கடல்ல போட்டது திரும்பி வரும்னு யாருக்குத் தெரியும்?"

"கடல்லயே வேலை பாக்கற மனுஷன் கேக்கற கேள்வியா இது?"

"எனக்கு அடிதானேம்மா தெரியும். மேல என்ன நடக்குதுன்னு நான் எங்க பாத்தேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அவளுக்கு இன்னும் கோபமாக இருந்தது. கோபத்தையும் சிரிப்பையும் ஒரே வாயில் வைத்துக்கொண்டு எத்தனை நேரம் நிற்க முடியும்? ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவரும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார்.

"நீங்க சிரிக்கக் கூடாது."

"சரி."

"கடப்பாரையை எடுங்க."

அவர் செடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எங்க ஊர்ல இதைச் சுத்தி அரசாங்கமே வேலி போட்டுக் காப்பாத்துது."

"இங்க அரசாங்கம் என்னைச் சம்பளம் போட்டு வெச்சிருக்கு."

அவர் கடப்பாரையை இறக்கினார். முதலில் தப்பாகத்தான் குத்தினார். வேர் எங்கே போகும், எந்தப் பக்கம் சாய்த்தால் ஒடியாமல் வரும் என்று அவள் சொல்லச் சொல்லச் செய்தார். பூக்களையும் பழங்களையும் ஒன்றுவிடாமல் பறித்துத் தனிச் சாக்கில் கட்டினார்கள். செடி மொத்தமும் வெளியே வந்தபோது அவர் அதை ஒரு கணம், தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். மேஸ்திரி வேண்டுமென்றே கையுறையைச் சரிசெய்தாள், சரியாகவே இருந்த கையுறையை.

"இனி கண்ணாடிக்கு என்ன பண்றது?" என்றார்.

"குழந்தைங்க தலைக்குப் போடற ஷாம்பு தடவிப் பாருங்க. இல்லன்னா எச்சில் துப்பிக்கோங்க. வாய்ல ஈரம் இருக்குல்ல, ஏழு வருஷமா பொய் சொல்லியும் வத்தலையே."

"பொய் சொல்லலம்மா. உண்மையைச் சொல்லல."

"நடங்க."

அலுவலகத்தில் குழு முழுதும் மதியச் சாப்பாட்டுக்குக் கூடியிருந்தது. தோளில் சாக்கோடு அவர் முன்னால் வர, பின்னால் கைதியை அழைத்து வருபவள்போல மேஸ்திரி வந்தாள். ரேடியோவின் வாய் தானாகத் திறந்தது. "மாமா எதுக்கு நம்ம சாக்கைத் தூக்கிக்கிட்டு…" என்று ஆரம்பித்தவள், சாக்கின் வாயிலிருந்து எட்டிப்பார்த்த பளபளப்பான இலையைக் கண்டாள். ஆறு வருடத்தில் முதன்முறையாக அவளிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

மேடத்தின் மேசையில் முளை அறிக்கைப் படிவம் இருந்தது. தேதி, இடம், எண்ணிக்கை, மூலம் என்று நான்கு கட்டம். ஆறு வருடமாக நான்காவது கட்டத்தில் மேஸ்திரி 'தெரியவில்லை' என்றுதான் எழுதிவந்தாள். இப்போது மேடத்தின் பேனாவை வாங்கி, குனிந்து, கையெழுத்து கோணாமல் எழுதினாள்.

மூலம்: என் வீட்டுக்காரர்.

மேடம் அதைப் படித்தார். மறுபடி படித்தார். மேஸ்திரி நடந்ததையெல்லாம் சொன்னாள், சோப்பு டப்பாவிலிருந்து ரப்பர் படகுவரை. மேடம் முதலில் உதட்டைக் கடித்துப் பார்த்தார். பிறகு வரைபடத்தை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். வரைபடம் குலுங்கியது. கதவுக்கு வெளியே நான்கு பெண்கள் அடக்கமே இல்லாமல் சிரித்தார்கள். வீட்டுக்காரர் மட்டும் சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளை ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "சரி. தாய்ச்செடி போச்சு. ஆனா மேஸ்திரி, கடல்ல இன்னும் எத்தனை கொட்டை மிதக்குதோ யாருக்குத் தெரியும்? அதுவும் கரைக்குத்தானே வரும்? விதின்னு ஒண்ணு இருக்கே. ஏழு முளை வந்திருக்கு. பூஜ்யம்தான் போடணும்."

"வரட்டும் மேடம்" என்றார் வீட்டுக்காரர், தீயணைப்பு விதிகளை விட்டுவிட்டு. "எனக்கு வேலை ஏழு மணிக்குத்தான். தினமும் அஞ்சரைக்கே வந்து அலைக்கோடு முழுக்க நடக்கறேன். ஒரு கொட்டையும் முளைக்க விடமாட்டேன். எல்லாம் நான் போட்டது, எனக்குப் பாத்தாத் தெரியும்."

"அவரு மட்டும் இல்ல, நாங்களும் வரோம்!" என்று வெளியிலிருந்து ரேடியோ கத்தினாள். "மாமா நடக்கறதை நாங்க ஓரமா நின்னு பாக்கறோம்!"

மேடம் சிரித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். அதன் முனை படிவத்தின் மேல் நின்றது. ஜன்னல் வழியே பின்கட்டில் நானூறு தொட்டிகளின் கொடிகளும் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. தூரத்தில், கடலுக்கு மேல், மழைக்காலத்தின் முதல் மேகம் ஒரு விரல் அளவுக்கு வந்திருந்தது.

மேஸ்திரி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். காலையில் படகைப் பிடித்ததைவிட இறுக்கமாக.

"மேடம், விதி எனக்குத் தெரியும். ஆறு வருஷத்துல ஒரு முளையைக்கூட நான் மறைச்சதில்ல, இன்னைக்கும் மறைக்கல. ஆனா அந்தக் கரை எண்பத்தோரு நாளும் சுத்தமாத்தான் மேடம் இருந்துது. அழுக்கு என் வீட்டுலேர்ந்து வந்தது. எனக்கு என்ன தண்டனை வேணா குடுங்க. கரைக்குக் குடுக்காதீங்க. பூஜ்யம் போடாம, எண்பத்தொண்ணுலேர்ந்தே எண்ண விடுங்க மேடம்."